குட்டி வெளியே படுத்த சஷ்டி

எங்கள் நாய் தண்ணீர் குடிக்கிற சத்தத்தில்தான் அந்தப் பயம் தொடங்கியது. சமையலறைக்குப் பின்னால், உடுப்புக் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ற் வாளி இருந்தது. அதற்குள் தலையை விட்டாள் என்றால் எடுக்கவே மாட்டாள். சளக், சளக் என்று நாக்கு தண்ணீரில் அடிபடும். உள்ளே நின்று தேங்காய் துருவுகிற எனக்கு, இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று இருக்கும். நிற்காது. போய் எட்டிப் பார்த்தால் வாளி அரைவாசிக்கு இறங்கியிருக்கும்.

"மாமி, குட்டி கண்டபாட்டுக்குத் தண்ணி குடிக்குது."

"வெக்கைக்குப் பிள்ளை."

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

குட்டி என்றால் குட்டி இல்லை, ஆறு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நெரிபட்டு நிற்கிற பழைய வீடு எங்களுடையது. என்னுடைய மனுசன், மாமி என்று நான் கூப்பிடுகிற அவருடைய தாய், நான், மூன்று பேர்தான். ரயில் பாதையோரம் மழையில் கிடந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். வளர்த்தது நான். எழுதும்போதும் எனக்கு அவள் என்றுதான் வருகிறது.

அது ஐப்பசி, கந்தசஷ்டி. மாமிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். அதற்கு முதல் நாளே வீடு முழுக்கக் கழுவி, மீன் சட்டிகளை மினுக்கி மேல் தட்டில் கவிழ்த்து, மச்ச வாசமே இல்லாமல் ஆக்கிவிடுவார். அந்த விரதம் எனக்காகத்தான். கலியாணம் கட்டி இத்தனை வருசமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமி அதை ஒருநாளும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சஷ்டி தொடங்குகிற காலையில், தலையில் சுற்றின ஈரத்துவாயோடு வந்து நின்று, "இந்த முறை ஒரு குறையும் வரப்படாது பிள்ளை" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கையிலிருந்து ஒரு மூடி விழுந்து சத்தம் போட்டாலும் எனக்கு நெஞ்சு பதறும்.

அந்த முறை விரதம் தொடங்கின காலையில்தான் முன் விறாந்தையில் அந்தக் கறையைக் கண்டோம். குட்டி படுத்து எழும்பின இடத்தில், தேத்தண்ணி சிந்தின மாதிரி, பழுப்பும் சிவப்புமாக இருந்தது. மாமி சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

"ஐயோ, இதுக்குத் துடக்கு வந்திட்டுது. பின்னாலை கொண்டுபோய் விடு பிள்ளை. இண்டைக்குப் பாத்தே வரவேணும்?"

"போன மாதம்தானே மாமி வந்து முடிஞ்சது? நாய்க்கு மாதா மாதம் வராது."

"மனுசருக்கே முன்னப் பின்ன வருது. அதுக்கென்ன கலண்டரே தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் குட்டியைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். தகரக் கூரைக்குக் கீழே சாக்கை விரித்து, வாளியில் தண்ணீர் நிரப்பி, கதவைச் சாத்தினேன். கோபிக்கவில்லை. எங்கள் வீடுகளில் அது வழக்கம். நானே அந்த நாட்களில் சாமியறைப் பக்கம் போகாதவள். தனிக் கோப்பை, தனிப் பாய் என்று இருந்த வீட்டில் வளர்ந்தவள். ஒதுங்கி இருக்கிற ஆளை யாரும் கிட்டப் போய்ப் பார்க்க மாட்டார்கள். கையை நீட்டிச் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு வருவார்கள். குட்டிக்கும் அப்படித்தான் வைத்தோம்.

கோப்பை வைத்தபடியே இருந்தது. அதற்கும் எங்களுக்குக் காரணம் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் இல்லை. அன்றைக்குச் சோறும் பருப்பும் வைத்தால் குட்டி ஒருக்கால் மோந்து பார்ப்பாள், பிறகு எங்களைப் பார்ப்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவாள். சனிக்கிழமை சூரைத்தலை அவித்து வைக்கிற வரைக்கும் அந்தக் கோபம் தீராது. சஷ்டி என்றால் அவளுக்கு ஒரே தொடர்ச்சியாக வெள்ளிக்கிழமை.

"எனக்குப் போட்டியா அதுவும் விரதம் பிடிக்குது" என்று மாமி பகிடி விட்டார்.

ஆக, குட்டிக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வீட்டில் தயாராக இருந்தது. சாப்பிடாததற்குச் சஷ்டி. கறைக்குத் துடக்கு. சுருண்டு கிடப்பதற்கு மழை. தண்ணீருக்கு மட்டும்தான் சரியான விளக்கம் இல்லை. அந்தச் சளக் சளக் சத்தம் எனக்குள் போய் எங்கேயோ சொட்டிக்கொண்டே இருந்தது.

நான் பயப்பட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் எழும்பி வரமாட்டார்கள். அதற்கும் நியாயம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற ஆள் நான். ஒன்றைப் பற்றிச் சரியாகத் தெரியாவிட்டால் என் மனம் அதன் மிக மோசமான முடிவுக்கு நேரே ஓடிப்போய் நின்றுகொள்ளும். கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தால் முக்கியமான கடதாசிகளை ஒரு பையில் போட்டுக் கதவடியில் வைக்கிறவள். குட்டி ஒருமுறை மூக்கால் இழுத்து இழுத்து மூச்சுவிட்டபோது அழுதுகொண்டு டொக்டரிடம் ஓடினேன். நாய்களுக்கு அது தும்மல் மாதிரி ஒன்று என்றார். சிவப்பாக வெளிக்குப் போனாள் என்று ஓடினேன்; முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தாள். வயிற்றில் கட்டி என்று ஓடினேன். அது முலைக்காம்பு. அந்தக் கதையை என்னுடைய மனுசன் வருகிற விருந்தாட்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

நாய் டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, என்னைவிட இளையவர். என்னை "அக்கே" என்பார். ஒவ்வொரு முறையும் என் கையில் தட்டி, "பய வென்ன எபா, அக்கே" என்பார். பயப்படாதேங்கோ என்று. நான் வெட்கத்தோடு திரும்பி வருவேன்.

அதனால் இந்த முறை பொறுத்துக்கொள்வது என்று இருந்தேன். போனில் தேடிப் பார்த்தேன். போனில் தேடினால் எல்லா வருத்தமும் சாவில்தான் போய் முடிகிறது. மூடி வைத்தேன்.

பின்னேரம் என்னுடைய மனுசன் வேலையால் வந்ததும் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, குட்டியை ஒருக்காக் காட்டுவமே?"

"இந்த முறை என்ன, காதோ வாலோ?"

"பகிடி விடாதேங்கோ. தண்ணியாக் குடிக்குது. ஒண்டும் தின்னேல்லை."

"உமக்கு அந்த டொக்டரின்ரை இடத்திலேயே ஒரு அறை எடுத்துத் தரட்டே? போற வாற செலவாவது மிஞ்சும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சஷ்டி முடியட்டும். அம்மா மனம் நோகாமல் இருக்கட்டும். பிறகு கூட்டிக்கொண்டு போவம்."

விரதத்தின் நாலாம் நாள் கறை நின்றுவிட்டது. சாக்கைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. மாமிக்குச் சரியான சந்தோசம்.

"பாத்தியே, ஒண்டுமில்லை. நாளைக்குக் குளிக்க வார்த்துப்போட்டு உள்ளை எடு. நீ வீணாக் கிடந்து உருகிறாய்."

எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. நின்றுவிட்டால் சுகம் என்றுதானே யாரும் நினைப்போம். அன்று முழுக்க நான் குட்டியைப் பெரிதாகப் போய்ப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பூ மாலை கட்டினேன், பஞ்சாமிர்தத்துக்குப் பழம் நறுக்கினேன்.

மறுநாள் மத்தியானம் அவளை வார்ப்பதற்குச் சுடுதண்ணீரோடு போனேன். குட்டி சாக்கில் இல்லை. கழுவுகிற கல்லுக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், ஈரச் சீமெந்தோடு வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் மஞ்சளாகச் சத்தி. வாளித் தண்ணீரைக் குடித்திருக்கிறாள், குடித்ததை அப்படியே வாந்தி எடுத்திருக்கிறாள்.

"குட்டி" என்றேன். கண்ணை மட்டும் திருப்பினாள்.

அந்த நேரம் ரயில் போனது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு வீடு தாண்டினால் பாதை. ரயில் வந்தால் சுவர் அதிரும். ஆறு வருசமாக ஒரு ரயிலைக் குட்டி சும்மா போகவிட்டதில்லை. காய்ச்சல் கிடந்தபோதும் படுத்தபடியே ஒரு வள் என்று சொல்லித்தான் அனுப்புவாள். அன்று ரயில் வந்தது, சுவர் அதிர்ந்தது, போனது. அவளுடைய காது கூட அசையவில்லை.

நான் சுடுதண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். தொட்டால் குளிக்க வேண்டும், தொட்டேன். விலா எலும்பு கையில் குத்தியது. சாப்பிடாமல் மெலிந்திருக்கிறாள். ஆனால் வயிறு மெலியவில்லை. காற்றடித்த பந்து போல இறுகி, இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றது. நான் விரலால் மெல்ல அழுத்தினேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை, பல்லைக் காட்டவில்லை, என் கையை நக்கவில்லை. மூச்சை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருந்து விட்டாள்.

என் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது வந்தால் என்னை இருக்க விடாது. வீட்டுக்குள் சுற்றும், அழும், அவரையும் மாமியையும் ஆளுக்கு ஆள் கேட்கும், ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சும். அன்று அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்குள்ளே சத்தமே இல்லை. ஒன்றுமில்லை என்று ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. 

கட்டில் விரிப்பை இழுத்து எடுத்து, குட்டியைச் சுற்றித் தூக்கினேன். மாமி சாமியறை வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? பூசைக்குப் போக வெளிக்கிடேல்லையே?"

"குட்டி செத்துப்போகும் மாமி."

"உனக்கு எப்பவும் உந்தக் கதைதான்."

"ஓம் மாமி" என்றுவிட்டு முன்கதவால் இறங்கினேன். பின்பக்கத்தால் சுற்றிப் போக நேரமில்லை. அவள் மேலிருந்து ஒழுகின தண்ணீர் கழுவின நிலத்தில் வாசல் வரைக்கும் வந்தது. மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலி வீதியில் மழைக்கு ஒரு த்ரீவீலும் நிற்கவில்லை. நின்ற ஒன்றும் விரிப்புக்குள் இருந்து வால் தொங்குவதைக் கண்டுவிட்டுப் போய்விட்டது. கடைசியாக நின்றவர் ஒரு முஸ்லிம் நானா, நரைத்த தாடி.

"நாயா தங்கச்சி?"

"ஓம் நானா. கடும் சுகமில்லை. டொக்டரிட்டைப் போகவேணும்."

"எங்களுக்கு நாய் பட்டா வாகனத்த ஒழுங்காக் கழுவித்தானே மத்த வேல..." என்று இழுத்தவர், எட்டி விரிப்புக்குள் பார்த்தார். குட்டி வாயைத் திறந்து குறுகக் குறுக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "ஏறுங்க, ஏறுங்க. கழுவினாச் சரி. எங்க போகணும்?"

வழி முழுக்க அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். "இன்னம் மூச்சிருக்கா?" என்று இடைக்கிடை கேட்டார். நான் இருக்கு என்றேன். ஒருமுறை கேட்டபோது குனிந்து அவளுடைய மூக்கில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு கேட்கவில்லை.

டொக்டர் என்னைக் கண்டதும் வழக்கம்போலச் சிரித்தார். மேசையில் வைத்து விரிப்பை விலக்கியதும் அந்தச் சிரிப்பு இல்லை. குட்டியின் உதட்டைத் தூக்கிப் பல் முரசை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். அழுத்தின இடம் வெள்ளையாகவே நின்றது. நிறம் திரும்பி வருகிறதா என்று அவரும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல, மிக மெல்ல வந்தது. பிறகு கடைசியாக எப்போது சூட்டுக்கு வந்தாள் என்று கேட்டார். என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம். மீன் விலை பேசத் தெரியும், இதற்கெல்லாம் சொல் தெரியாது. கையாலும் காட்டிச் சொன்னேன். போன மாதம் வந்தது, பிறகு சஷ்டிக்கு ஒரு கறை வந்தது, பிறகு அது நின்றது.

"நின்றது எப்போது?"

"நேற்று. நல்லதுதானே, டொக்டர்?"

அவர் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். திரையில் கறுப்பாகப் பைகள் மாதிரித் தெரிந்தன, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு. வயிற்றில் குட்டிகளோ என்று ஒரு கணம் நான் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது.

டொக்டர் ஆறுதலாக, எனக்கு விளங்குகிற சிங்களத்தில் சொன்னார். கருப்பைக்குள் சீழ். நாங்கள் கண்டது துடக்கு இல்லை, அந்தச் சீழ்தான். குட்டி போடாத பெட்டை நாய்களுக்குச் சூடு அடங்கிக் கொஞ்ச நாளில் இப்படி வருமாம். தண்ணீராகக் குடிக்குமாம், தின்னாதாம். வெளியே வந்துகொண்டிருந்த மட்டும் ஒரு வழி இருந்தது. நேற்று அந்த வழி மூடிக்கொண்டது. உள்ளேயே சேர்ந்து, இப்போது இரத்தத்திலும் கலந்திருக்கிறது.

சாக்கு காய்ந்து கிடந்ததைப் பார்த்து நாங்கள் சந்தோசப்பட்ட அந்த நாள் முழுக்க அது நிரம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"கருப்பையை எடுக்க வேண்டும். இப்போதே. மயக்கத்திலிருந்து எழும்பாமலும் போகலாம், அக்கே. எடுக்காவிட்டால் நாளைக்கு இல்லை." என் கையில் தட்டவில்லை. பயப்படாதே என்ற அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. நான் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் போன் அடித்தது. மாமி.

"எங்கை நிக்கிறாய் பிள்ளை? பூசை தொடங்கப் போகுது."

"மாமி, குட்டிக்கு ஒப்பரேசன். கருப்பையை எடுக்கப் போகினம்."

 கோயில் மணி மட்டும் தூரத்தில் கேட்டது. யாருக்காக மாமி பட்டினி கிடக்கிறாரோ அந்த ஆளே, விரதத்துக்கு நடுவில், கையெல்லாம் சத்தியும் ஈரமுமாக நின்று இந்தச் சொல்லைச் சொல்லுகிறது. எனக்கும் உடம்பு கூசியது. இந்த முறை ஒரு குறையும் வரப்படாது என்றவர் அவர். போனைக் காதில் வைத்தபடியே டொக்டரைப் பார்த்து, "எடுங்கோ" என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பூனைக் கூட்டோடு ஒரு அம்மா வந்தார், போனார். கதவு திறந்தபோது டொக்டரின் கையில் தட்டு இருந்தது. பார்க்க மாட்டேன் என்றேன், பார்த்தேன். என்னுடைய முழங்கைக்குக் கீழான தடிப்பில், வீங்கி, சாம்பல் நிறத்தில், இரண்டு கிளையாகக் கிடந்தது. இதைச் சுமந்துகொண்டுதான் அந்தச் சாக்கில் படுத்திருந்தாள்.

"உயிர் இருக்குதா?"

"இப்போதைக்கு."

அங்கே இரவில் வைத்திருக்க வசதி இல்லை. சேலைன் ஏற்றி முடித்து, பின்னேரம் என்னுடைய மனுசன் வந்த பிறகு, எங்களிடம் தந்தார்கள். டொக்டர் அவரிடமும் திருப்பிச் சொன்னார்: வெளியே படுக்க விடக்கூடாது, ஈரம் படக்கூடாது. இனிப் பயம் சிறுநீரகத்துக்குத்தான். விடியுமுன் மூத்திரம் போனால் நல்லது. போகாவிட்டால்... என்று கையை விரித்தார். என்னுடைய மனுசன் வரும் வழியில் ஒரு பகிடியும் விடவில்லை. குட்டியின் தலையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

குட்டியை முன்கதவால் கொண்டுபோய் எங்கள் அறையில் படுக்க வைத்தோம். மாமி தன்னுடைய அறைக்குள் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. என்னுடைய மனுசன் கதவடியில் நின்று டொக்டர் சொன்னதைச் சொன்னார். நான் குட்டிக்குக் கீழே பழைய வெள்ளைத் துணி விரித்துவைத்து, அடிக்கடி கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. எப்போது தடவினாலும் காய்ந்தே இருந்தது. ஏற்றின சேலைன் எல்லாம் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

விடிந்தது. சூரன்போர் நாள், விரதத்தின் ஆறாம் நாள். மாமி எழும்பிக் குளித்து, நடு ஹோலைத் தானே குனிந்து கழுவித் துடைக்கிற சத்தம் கேட்டது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. துணி இன்னும் காய்ந்திருந்தது; என்னுடைய மனுசனைத் தட்டி எழுப்பி டொக்டருக்குப் போன் பண்ணச் சொல்லத் திரும்பினபோது குட்டி முன்காலை ஊன்றினாள். விழுந்தாள். திரும்ப ஊன்றினாள். தையலை இழுத்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து சாய்ந்து அறையை விட்டு வெளியே போனாள். பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. பின்னாலேயே போனேன்.

நடு ஹோலில், சாமியறை வாசலுக்கு நேரே, ஈரம் காயாத நிலத்தில் நின்று பின்காலை விரித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியே நின்றாள். பிறகு வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு நிறுத்தாமல். மஞ்சளாகப் பரவி வாசல் படி வரைக்கும் போனது. நான் முழங்காலில் இருந்து அழுதேன்.

தலை நிமிர்ந்தபோது மாமி சாமியறை வாசலில், நனைந்த தலையும் கையில் பூத்தட்டுமாக நின்றார். அவருடைய காலுக்குக் கிட்ட மூத்திரம் போய் நின்றிருந்தது.

"டொக்டர் சொன்னது இதைத்தானே?" என்று கேட்டார்.

"ஓம் மாமி."

நிலத்தைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். பூத்தட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து வந்தார்.

"சரி. நீ துடை. நான் இன்னொருக்காக் குளிச்சிட்டு வாறன்."

குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"முதல்ல அதைப் பிடி பிள்ளை. நிக்க ஏலாமல் நடுங்குது, பார்."